பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு கிளாஸ்

ஓர் ஊரில் குடிதண்ணீர் இருக்கிறதா என்று கணக்கெடுக்கப் போய், அந்த ஊரில் இருந்த தண்ணீரை நானே குடித்துவிட்டு, "இருக்கிறது" என்று பதிந்துகொண்டு வந்தவன் நான். என் முதுகுக்குப் பின்னால் இந்தக் கதையைக் கூட்டியும் குறைத்தும் சொல்கிறார்கள் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன். அவர்கள் ஏழு கிளாஸ் என்கிறார்கள். ஏழல்ல, பன்னிரண்டு. என் மடத்தனத்தில் ஐந்து கிளாஸை எவரும் களவெடுக்க விடமாட்டேன்.

அப்போது நான் ஓர்ஸ் ஹில்லில் ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில் வேலை பார்த்தேன். வாசலில் கந்தோர் என்று பலகை தொங்கியது. ஆனால் நான் இருந்த அறை முன்பு யாருடையதோ குசினி. மழை நாட்களில் சுவரிலிருந்து பொரித்த மீன் மணக்கும். யன்னலால் எட்டிப் பார்த்தால் உள்துறைமுகம் தெரியும். எட்டிப் பார்ப்பது என் உத்தியோகத்தின் கணிசமான பகுதி.

உலகத்தில் எங்கெங்கே குடிநீர் இல்லை, எங்கே முதலில் உதவி போகவேண்டும் என்பதைத் தரவுகளை வைத்துத் தீர்மானிக்கிற பெரிய திட்டம் ஒன்றின் வால் நுனிதான் எங்கள் கந்தோர். திட்டத்தின் தலை ஏதோ குளிர்நாட்டில் இருந்தது. வயிறு கொழும்பில். வாலுக்கு மூன்று மேசை, ஆறு கதிரை, சுவரில் ஒரு பெரிய திரை. திரையில் வரைபடம். தண்ணீர் உள்ள இடம் பச்சை, அரைகுறை மஞ்சள், இல்லாத இடம் சிவப்பு. எங்கள் மாவட்டத்தில் உதவித் தண்ணீர் கொண்டுபோகிற பவுசர்கள் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் ஓடின. சிவப்புக்கு வாரம் இரண்டு தடவை. பச்சைக்கு ஒன்றுமில்லை.

நான் தரவு அலுவலர். இரண்டு பரீட்சை பாஸ் பண்ணிப் புள்ளிவிபரம் படித்தவன். என் மனைவியிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வாள்: "வீட்டு டாங்கியில தண்ணி முடிஞ்சா மூண்டாம் நாள்தான் இவருக்குத் தெரியவரும். இவர்தான் உலகத்துக்குக் கணக்குப் பாக்கிறார்."

அவள் சொன்னது உண்மை. ஆனாலும் அந்தத் திரையை நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "பார்த்தீரா, கணக்கெல்லாம் சும்மா" என்று என் தோளில் தட்ட வருகிறவர்கள் கையைத் தங்கள் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருக்கட்டும். எந்த ஊரில் எத்தனை பேர் தாகத்தோடு இருக்கிறார்கள் என்று எண்ணாமல் விட்டால், யாருக்கு ஆளைத் தெரியுமோ அவருடைய வாசலில்தான் பவுசர் நிற்கும். அதையும் கண்டவன் நான். பிழை கணக்கில் இல்லை, கணக்கெடுக்கப் போன ஆளில்.

ஆள் போன கதை இது.

கிண்ணியாவுக்கு அப்பால், கடலை ஒட்டிய ஓர் ஊர். அங்கே ஒரு குழாய்ப் பாதை போய் முடிகிற கடைசி ஒழுங்கையில், ஓர் ஒடுங்கிய சந்தில், பன்னிரண்டு வீடுகள் என் பங்குக்கு வந்தன. கச்சான் காற்று அடிக்கிற மாதம். தரைப்பக்கமிருந்து சூடாக, மண்ணை வாரிக்கொண்டு வருகிற காற்று அது. காலை ஒன்பது மணிக்கே நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டப்லட், தலையில் திட்டத்தின் சின்னம் போட்ட தொப்பி என்று நான் அந்த ஒழுங்கைக்குள் இறங்கினேன். எனக்கே என்னைப் பார்க்க மரியாதையாக இருந்தது.

முதல் வீட்டில் முற்றத்தில் கதிரை போட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன்னமே தண்ணீர் வந்துவிட்டது. சிவப்பு ரோசாப்பூப் போட்ட கண்ணாடிக் கிளாஸ். மேலே மூடியாக ஒரு சாசர், அதன் விளிம்பில் நகமளவு உடைவு. நான் மடமடவென்று குடித்தேன். குடித்து முடித்து, வாயைத் துடைத்து, டப்லட்டைப் பார்த்து வாசித்தேன்.

"கடந்த ஏழு நாட்களில் உங்கள் வீட்டில் குடிதண்ணீர் இல்லாமல் போனதுண்டா?"

வீட்டுக்காரப் பெண் என் கையிலிருந்த வெறுங் கிளாஸைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல சேர். தண்ணி இரிக்கி."

"குழாய் இணைப்பு?"

"இரிக்கி."

இரண்டு விரல் தட்டல். பச்சை.

இரண்டாம் வீட்டிலும் அப்படித்தான். தண்ணீர் வந்தது, குடித்தேன், கேட்டேன், "இரிக்கி" என்றார்கள். மூன்றாம் வீட்டில் தண்ணீர் வர ஐந்து நிமிடம் எடுத்தது. பின்பக்கம் வேலி சரசரத்தது. உள்ளே யாரோ கிசுகிசுத்தார்கள். அப்புறம் கிளாஸ் வந்தது. ரோசாப்பூ. உடைந்த சாசர்.

நான் எதையும் கவனிக்காதவன் என்று எவரும் சொல்லிவிட ஏலாது. நான் கவனித்தேன். நாலாம் வீட்டிலும் ரோசாப்பூக் கிளாஸ் வந்தபோது, இந்த ஊரில் எல்லாரும் ஒரே கடையில் சாமான் வாங்குகிறார்கள் என்று முடிவு செய்தேன். ஏழாம் வீட்டில் அதே இடத்தில் உடைந்த சாசர் வந்தபோது, அந்தக் கடைக்காரன் உடைந்த சாமானை மொத்தமாகத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்து அவனைத் திட்டினேன். புள்ளிவிபரம் படித்த மூளை. ஒரே மாதிரியான விஷயம் திரும்பத் திரும்ப வந்தால் அதிலிருந்து ஓர் உண்மையை உருவியெடுக்கப் பழக்கப்பட்டது.

பெரும்பாலான வீடுகளின் திண்ணைச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. சில நாட்களைச் சுற்றிப் பேனையால் வட்டம், மற்ற நாட்களில் பெருக்கல் குறி போலப் புள்ளடி. ஆண்கள் கடலுக்குப் போகிற நாளாக்கும் என்று அதையும் நானே தீர்த்துவைத்தேன். யாரையும் கேட்கவில்லை. கலண்டரைப் பற்றி என் படிவத்தில் கேள்வி இல்லை.

பன்னிரண்டாம் வீட்டில் வயிறு குலுங்கியது. அந்த வீட்டுக்காரி ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ராத்தா; அக்காவை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அங்கேயும் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேணுமா என்று அவர் கேட்டபோது, வயிற்றில் இடமில்லை என்று பெருந்தன்மையாக மறுத்தேன். குறிப்புப் பெட்டியில் எழுதினேன்: "மக்கள் மிகுந்த உபசரிப்புக் குணம் கொண்டவர்கள். நீர் தாராளமாகக் கிடைக்கிறது." பிறகு நேரே மீன்வாடிப் பக்கம் ஓடி, மறைவாக ஒரு பூவரச மரம் தேடினேன். அதற்கும் படிவத்தில் கேள்வி இல்லை.

அடுத்த கிழமை திரையில் அந்த ஒழுங்கை பளிச்சென்று பச்சையானது. எங்கள் மேலாளர் கொழும்பிலிருந்து வந்தவர். பச்சையைக் கண்டால் அவருக்கு முகம் மலரும். "குட். உமக்கு நல்ல ஸ்பீட்" என்றார். நான் அன்று மாலை மனைவிக்கு ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த மாதம் ஒருநாள் முற்பகல், நீலநிறக் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் எங்கள் படியேறி வந்தார். பன்னிரண்டாம் வீட்டு ராத்தா. பஸ்ஸில் பாலம் தாண்டி, சீனன்குடா தாண்டி, பட்டணத்தில் இறங்கி, அந்த வெயிலில் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தையும் ஏறியிருந்தார். கேனை என் மேசையில், டப்லட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வெறுங் கேன்.

"நீங்கதானே அண்டைக்கு எங்கட ஒழுங்கைக்கு வந்த?"

"ஓம் ராத்தா. இருங்கோ. தண்ணி ஏதும் குடிக்கிறியளோ?" பழக்கதோஷம். யார் வந்தாலும் எனக்கும் வாயில் முதலில் வருவது அதுதான்.

"தாங்க."

குடித்தார். கிளாஸை நீட்டினார். திரும்ப ஊற்றினேன். மூன்று கிளாஸ் குடித்துவிட்டுத்தான் கதிரையில் இருந்தார்.

"நீங்க பன்னிரண்டு குடிச்ச. எனக்கு இன்னம் ஒம்பது வரணும்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பவுசர் வாறல்ல" என்றார். "டிறைவரக் கேட்டா, உங்கட ஊர்ல தண்ணி இரிக்காம், ஓர்ஸ் ஹில்லில எழுதிரிக்காங்க எண்டு சொல்றான். நீங்கதானா எழுதின?"

நான் எழுந்து அவரைத் திரைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். என் ஒழுங்கையைப் பெருப்பித்துக் காட்டினேன்.

"என்னத்துக்கு இது பச்ச?"

"பச்சை எண்டால் தண்ணி இருக்கு எண்டு அர்த்தம், ராத்தா."

"இரிக்கெண்டு யார் சொன்ன?"

"நீங்கள்தானே சொன்னீங்கள். பன்னிரண்டு வீட்டிலயும் சொன்னீங்கள்."

"நாங்க உங்களுக்கு ஒரு கிளாஸ் தண்ணி தந்த. அதுக்கு எங்கட பவுசர நிப்பாட்டிப் போட்டீங்களே!"

அதற்குப் பிறகுதான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். குழாய் இருக்கிறது, அதில் காற்றுத்தான் வரும். கிணற்று நீர் உப்பு. "கறி வெச்சா உப்புப் போடத் தேவல்ல" என்றார். பவுசரில் பிடித்ததும், குழாயில் எப்போதாவது சொட்டுவதும்தான் குடிக்க. நான் போன அன்று அந்த ஒழுங்கையில் குடிக்கக்கூடிய தண்ணீர் இருந்தது ஒரே ஒரு வீட்டில், ஒரே ஒரு கேனில். இந்த நீலக் கேன். அவருடைய புருஷனுக்குச் சிறுநீரகத்தில் கல். நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்ததால் அவருக்கென்று எடுத்துவைத்தது. தொப்பி போட்ட ஒருவன் வீடு வீடாக வருகிறான் என்றதும், ராத்தா கேனைத் திறந்தார். இருக்கிற கிளாஸ்களுக்குள் நல்ல கிளாஸ் ஒன்றைத் தேர்ந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நான் குடித்து வைத்ததும் அது பின்வேலியால் ராத்தா வீட்டுக்கு ஓடி, நிரம்பி, அடுத்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"அந்த மனிசன் அண்டைக்கு ரெண்டே ரெண்டு மிடறுதான் குடிச்ச" என்றார் ராத்தா.

வெட்கத்தை மறைக்க நான் கோபப்பட்டேன். மடையர்களுக்கு அது கைவந்த கலை.

"அப்ப ஏன் ராத்தா இல்லை எண்டு சொல்லேல்ல? ஏன் பொய் சொன்னீங்கள்?"

"பொய்யா?" அவர் குரல் உயர்ந்ததில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "வீடு தேடி வந்த மனிசனுக்குத் தண்ணி இல்லெண்டு சொல்றதா? நீங்க உங்கட ஊட்டில சொல்லுவீங்களா?"

சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் சீனி முடிந்திருந்த நாளில் என் மைத்துனர் வந்தபோது, மனைவி மதிலுக்கு மேலால் அளவுச் சுண்டை நீட்டிச் சீனி வாங்கியதை முன்வாசலில் நின்று மறைத்தவனே நான்தான். அது தெரிந்திருந்தும், கையில் வெறுங் கிளாஸோடு தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு இந்தக் கரையில் எந்த மனுஷியும் "இல்லை" என்று சொல்லமாட்டாள். கேள்வியை எழுதிய குளிர்நாட்டுக்காரருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியவேண்டும். அதற்குத்தான் எனக்குத் தொப்பி தந்திருந்தார்கள்.

மேலாளரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"டேட்டா லொக் பண்ணியாச்சு" என்றார் அவர். "அடுத்த ரவுண்ட் அடுத்த வருஷம். அப்ப பார்ப்போம்."

"அதுவரைக்கும் அவை என்னத்தைக் குடிக்கிறது, சேர்?"

"நீர் என்ன ஐசே கதைக்கிறீர்? ஒரு பொம்பிள வந்து ஒரு கதை சொன்னா அது டேட்டாவா? நம்பர் இருக்கா? திகதி இருக்கா? எத்தனை வீடு, எத்தனை நாள்? கொண்டுவாரும், பார்ப்பம்."

அவர் என்னை விரட்டுவதற்காகத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் நியாயமான கேள்விகள். வெளியே வந்து ராத்தாவிடம் அப்படியே ஒப்புவித்தேன்.

"திகதியா?" என்றார் ராத்தா. "அது இரிக்கே. எல்லா ஊட்டிலயும் தொங்குதே. நீங்க காணல்லயா?"

கலண்டர்.

குழாயில் தண்ணீர் சொட்டிய நாளுக்கு வட்டம். வராத நாளுக்குப் புள்ளடி. வட்டத்துக்குள் எத்தனை கேன் நிரம்பியது என்று ஒரு சின்ன எண். பெண்கள் இதை ஒன்றரை வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வீட்டில் ஒன்பது வீட்டுச் சுவர்களில். நான் அந்த ஒன்பது சுவர்களுக்கும் முன்னால் இருந்து தண்ணீர் குடித்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை ராத்தா ஒன்பது வீட்டுக் கலண்டர்களையும் ஒரு சீமெந்துப் பையில் சுருட்டிக்கொண்டு வந்து தந்தார். எண்ணெய்க் கறை, மஞ்சள் விரல் தடயம், பிள்ளைகள் கீறிய பூனை. நான் இரண்டு நாள் வீட்டு மேசையில் இருந்து ஒவ்வொரு வட்டத்தையும் புள்ளடியையும் கணினியில் ஏற்றினேன். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "உங்கட படிவத்தை விட இது நல்லா இருக்கே" என்றாள். அவள் ஒரு நாளும் என் வேலையைப் பாராட்டியதில்லை. அன்றும் பாராட்டியது என்னையல்ல.

ஞாயிறு பின்னேரம், என்னை வேர்க்க வைத்த ஒரு விஷயத்தைக் கணினி காட்டியது. வட்டங்கள் கண்டபடி சிதறி இருக்கவில்லை. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பௌர்ணமிப் போயா விடுமுறைகளிலும் விழுந்திருந்தன. வேலைநாட்களில் குழாய்ப் பாதையின் முன்பகுதியில் இருக்கிற பெரிய கட்டடங்களின் டாங்கிகள் தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன. அவை மூடிக் கிடக்கிற நாட்களில்தான் கடைசி ஒழுங்கைக்கு மிச்சம் வருகிறது. இன்னொன்றும் தெரிந்தது. நான் டப்லட்டோடு போனது ஒரு போயாவுக்கு மறுநாள். அதனால்தான் அந்த ஒரு கேனிலாவது தண்ணீர் இருந்தது.

உடனே ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். ஒரு கண்டுபிடிப்பாளனின் குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"ராத்தா, ஒரு பெரிய விஷயம் கண்டுபிடிச்சிருக்கிறன். உங்கட குழாயில லீவு நாளிலதான் தண்ணி வருது!"

"ஓம்" என்றார். "அது பாக்கத்தானே வட்டம் போட்ட."

போனை வைத்துவிட்டேன்.

மேலாளர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். அவர் மோசமான ஆள் அல்லர், பயந்த ஆள். "இது எங்கட போர்மட்டில இல்லையே" என்றார். "கலண்டரில கீறினதை நான் எப்படி மேலுக்கு அனுப்புறது? சிரிப்பாங்கள்."

"சிரிக்கட்டும் சேர். என்னைப் பார்த்துத்தான் சிரிப்பினம். எனக்கு அது பழக்கம்."

"வேண்டாம் ஐசே. விடும்."

விடவில்லை. லொக் பண்ணிய தரவைத் திறக்க எங்கள் முறையில் ஒரே ஒரு வழி இருந்தது. கணக்கெடுத்தவனே முன்வந்து, "களப்பணியாளரின் பிழை" என்ற பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தினால் கொழும்பிலிருந்து ஆள் வந்து அதே வீடுகளில் திரும்பக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். அழுத்தியவனின் பெயருக்கு நேரே அந்தப் பிழை நிரந்தரமாக இருக்கும். இரண்டாம் முறையும் பச்சையே வந்தால் ஆளுக்கு வேலை போகும். ஆகவே அந்தப் பொத்தானை எங்கள் கந்தோரில் எவரும் தொட்டதில்லை. அது அங்கே இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அதை அழுத்தினேன். காரணம் எழுத ஒரு பெட்டி திறந்தது. யோசித்துவிட்டு எழுதினேன்: "அளக்க வேண்டிய தண்ணீரைக் குடித்துவிட்டேன். பன்னிரண்டு கிளாஸ்." ஒன்பது கலண்டர்களின் படங்களையும் இணைத்து அனுப்பினேன். குளிர்நாட்டில் யாரோ அதை மொழிபெயர்க்க வைத்து வாசித்திருப்பார்கள் என்று நினைக்க எனக்கு இன்றும் சந்தோஷம்.

மேலாளர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சரிபார்க்கும் திகதி வந்தது. ஒரு வியாழக்கிழமை. அந்த நாளை நான் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்திருந்தால் அது இன்னொரு கள்ளக் கணக்கு.

அதற்கு முதல் நாள் பின்னேரம் கலண்டர்களைத் திருப்பிக் கொடுக்க ஒழுங்கைக்குப் போனேன். ராத்தாவின் முற்றத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். பிரச்சினை எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நாளைக்கு வருகிறவரும் வீட்டுக்கு வந்த மனுஷர். வெயிலில் வருவார். தண்ணீர் கொடுத்தால் கதை முடிந்தது.

"பொய் சொல்லச் சொல்லி நான் கேக்கேல்ல" என்றேன். "உள்ளதைச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

"உள்ளதச் சொல்றதுதானே வெக்கம்" என்றார் ராத்தா.

"தூரத்தில இருந்து வார மனிசனுக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காம விடுறதா?" என்றாள் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. "ஊரில கதைப்பாங்க."

"என்னையுந்தான் ஊரில கதைக்கினம். நான் இன்னும் உயிரோடதானே இருக்கிறன்?"

"உங்களுக்கு வெக்கமில்ல. எங்களுக்கு இரிக்கே" என்றார் ராத்தா. எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

சிரிப்பு அடங்கியது. ராத்தாவின் புருஷன் உள்ளே கட்டிலில் திரும்பிப் படுத்து முனகுவது கேட்டது. பவுசர் நின்று ஏழாவது கிழமை. ராத்தா எழுந்து உள்ளே போய் அந்த ரோசாப்பூக் கிளாஸைக் கொண்டுவந்தார். அதை ஒரு தட்டில் வைத்து, சாசரால் மூடி, எங்கள் நடுவில் வைத்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

"கிளாஸ் குடுப்பம்" என்றார். "தண்ணிய அவங்க எழுதட்டும்."

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வாகனம் வந்தது. சரிபார்க்க வந்தவர் வெள்ளைத் தொப்பி போட்ட, அதிகம் கதைக்காத ஒரு பெண். கூடவே எங்கள் மேலாளர், கைக்குட்டையால் கழுத்தை ஒற்றியபடி. வாகனத்துக்குள் ஒரு பெட்டி போத்தல் தண்ணீர் இருந்தது எனக்குத் தெரியும். ஒழுங்கை ஒடுக்கம், வாகனம் போகாது என்று சொல்லி அவர்களை நடத்திக் கூட்டிப்போனேன். போத்தல் பெட்டியை எடுக்க மறந்துவிட்டேன். எனக்கு ஞாபக சக்தி குறைவு.

முதல் வீட்டில் கதிரை போட்டார்கள். தட்டில் கிளாஸ் வந்தது. இந்த முறை ரோசாப்பூ இல்லை, சில்வர் டம்ளர். மேலாளர் ஆவலோடு மூடியை எடுத்தார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பக்கத்து முருங்கையைப் பார்த்தேன்.

இரண்டாம் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை. மூன்றாம் வீட்டில் ஜாம் போத்தல். ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் கிளாஸ், ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து, மூடி போட்டு, வெறுமையாக. பிள்ளைத்தாய்ச்சி தட்டை வைத்துவிட்டு முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டாள். ஆனால் கேள்வி கேட்டபோது மூடிய முக்காட்டுக்குள்ளிருந்து தெளிவாகப் பதில் வந்தது: "இல்ல மிஸ். நாலு நாளா இல்ல." அந்த ஒழுங்கை பரம்பரை பரம்பரையாகச் சொல்லாத சொல்லை அன்று பன்னிரண்டு தடவை சொன்னது.

பன்னிரண்டாம் வீட்டுக்கு வரும்போது மேலாளரின் உதடு வெடித்திருந்தது. ராத்தா ரோசாப்பூக் கிளாஸை வைத்தார். மேலாளரால் பொறுக்க முடியவில்லை.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா, அம்மா?"

"அதக் கேள்வியாக் கேளுங்க, சேர்" என்றார் ராத்தா. "கேட்டு எழுதுங்க."

வெள்ளைத் தொப்பிக்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். டப்லட்டோடு எழுந்துபோய்ச் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "இந்த வட்டத்துக்குள் இருக்கும் எண் என்ன?" என்று கேட்டார். நான் கேட்காத கேள்வி. ராத்தா அவருக்குக் கேன் கணக்கை விளக்க, அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். நான் ஓரமாக நின்றேன். எனக்கும் தாகம். கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

பதினெட்டு நாள் கழித்துத் திரையில் அந்த ஒழுங்கை சிவப்பானது. மேலாளர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. "கவனயீனமான உபசரிப்பு ஏற்பு" என்று ஒரு சொற்றொடர் அதில் இருந்தது. அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டலாம் என்றேன். மனைவி ஆணி தர மறுத்தாள். அதே நாள் பவுசர் அட்டவணையும் வந்தது. அதில் ஒழுங்கையின் பெயர் இருந்தது.

அட்டவணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க ராத்தாவுக்குச் சொல்லப்போவதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ராத்தா முற்றத்தில் குந்தியிருந்து மீன் செதிள் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நீலக் கேன். புருஷன் வாசலில் கதிரையில் இருந்தார். எனக்குத் தலையை அசைத்தார்.

நான் நின்றபடியே தொடங்கினேன். வரைபடத்தில் உங்கள் ஒழுங்கை இப்போது சிவப்பு என்றேன். அந்தச் சிவப்பைக் கொழும்பில் பார்க்கிறார்கள், குளிர்நாட்டில் பார்க்கிறார்கள், உங்கள் கலண்டரைப் போல எல்லா ஊரிலும் வீட்டுக்காரரின் கையாலேயே எழுதவைத்தால் என்ன என்று யோசிக்கிறார்களாம் என்றேன். குழாய்ப் பாதையின் முன்பகுதிப் பிரச்சினையையும் மேலே எழுதியிருக்கிறார்கள் என்றேன். உலகத்திலே தண்ணீர் இல்லாத எத்தனையோ கோடிப் பேருடைய கணக்கு இந்த ஒன்பது கலண்டரால் கொஞ்சம் நேராகியிருக்கிறது என்று கையை வானத்துக்கு நீட்டினேன். பவுசர் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஓடுகிறது என்பதைக் கடைசியாக, ஒரு வெற்றிக் கொடியைப் போலச் சொன்னேன்.

ராத்தா கத்தியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தின மணிக்கு?"